வீடு பார்க்க வருகிறார்கள்



"வீடு பார்க்க வருகினம்" என்று எமது யாழ்ப்பாணத்திலே சொன்னால், முன்னொரு காலத்தில் அது பெரும்பாலும் கலியாணப் பேச்சையே குறித்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கும் சாட்டிலே, சீதனமாக வரவிருக்கும் வீட்டையும் வளவையும் கிணற்றையும் ஒரு கண் பார்த்துச் செல்வர். இன்றோ அதே சொல்லைக் கேட்டதும் எமது இல்லங்களிலுள்ள முதியோரின் முகம் வாடிவிடுகின்றது. வருகிறவர்கள் வாங்க வருகிறவர்கள். அவர்கள் பார்த்து, விலை பேசி, உறுதி முடித்துவிட்டால், அந்த வீட்டில் இருக்கிறவர் வெளியேற வேண்டும்.

வீட்டை விற்பது குற்றமா? ஒருபோதும் இல்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் குடும்பமாகிவிட்டார்கள். ஓடு மாற்ற, மதில் கட்ட, வளவு துப்புரவாக்க என்று ஆண்டுதோறும் காசு அனுப்பிக் களைத்துப் போனவர்கள் அவர்கள். அங்கே தம் பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் மாரடிப்பவர்கள். விற்பதற்கு அவர்களிடம் நியாயம் உண்டு. ஆகவே இவ்வாரம் நாம் சிந்திக்க விழைவது விற்பனையைப் பற்றி அன்று. விற்பனைப் பேச்சுத் தொடங்கிய நாளுக்கும் திறப்பைக் கையளிக்கும் நாளுக்கும் இடையே கிடக்கும் அந்த மாதங்களைப் பற்றியே. சிலருக்கு அவை ஆண்டுகளாகவும் நீளுகின்றன. அந்தக் காலம் முழுவதும் அவ்வீட்டிலே ஒருவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார். அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு தாயாரை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டாம், அவர் எந்தப் பங்கிலும் இருக்கிறார். காலைப் பூசை கண்டு, வீடு திரும்பி, கொஞ்சம் கஞ்சி குடித்து, சற்றே சரிந்து படுத்திருக்கிறார். படலை தட்டப்படுகின்றது. தட்டுகிறவர் தரகர், பின்னால் ஒரு வாகனம், அதிலிருந்து நாலைந்து பேர் இறங்குகிறார்கள். "ஆச்சி, இவை வீடு பார்க்க வந்தவை. ஒரு அஞ்சு நிமிசம்." அந்த ஐந்து நிமிடம் ஒரு மணித்தியாலம் ஆகின்றது. செருப்போடு அறைக்குள் போகிறார்கள். ஒருவர் குசினிக் கதவைத் திறக்கிறார். இன்னொருவர் சுவரில் தட்டி, "இதை உடைச்சுப் போட்டு ஹோலைப் பெருப்பிக்கலாம்" என்கிறார். அந்தச் சுவரில்தான் காலஞ்சென்ற கணவருடைய படம் தொங்குகின்றது. மூன்றாமவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, வாட்ஸ்அப் வழியாக வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அறை அறையாகக் காட்டிக்கொண்டு போகிறார். கலைந்த படுக்கையும் மருந்துப் போத்தல்களும் கொடியிலே காயும் உடுப்பும் கடல் கடந்து போய்விடுகின்றன. பின்பு எல்லாரும் வாகனத்தில் ஏறிவிடுகிறார்கள். ஆச்சியிடம் ஒரு "போயிட்டு வாறம்" கூட இல்லை.

ஒரு முறை என்றால் பொறுக்கலாம். பத்து முறை, பதினைந்து முறை வந்தால்? மெல்ல மெல்ல அந்த அம்மா தம் சொந்த வீட்டிலே விருந்தாளியைப் போல் நடக்கத் தொடங்குகிறார். பாயை விரித்தபடி விடுவதில்லை. பினாட்டுக்குப் பனங்களி பிழிந்து முற்றத்தில் காயப்போடுவதில்லை. யாராவது வருவார்களோ என்று மாலைச் செபமாலைக்குக் கோவிலுக்குப் போகவும் அஞ்சுகிறார். பிள்ளையிடம் தொலைபேசியில் முறையிடுவதுமில்லை; "அதுகளுக்கு அங்க ஆயிரம் கரைச்சல்" என்று தமக்குள் அடக்கிக்கொள்கிறார்.

இதிலே எமது மண்ணுக்கே உரிய இன்னொரு நோவும் உண்டு. வேறு ஊர்களில் அந்நியர் வீட்டுக்குள் வருவது ஒரு தொல்லை, அவ்வளவுதான். எமது முதியவர்களுக்கு அப்படி அன்று. சுற்றிவளைப்பு நாட்களில் முன்னறிவித்தல் இல்லாமல் உள்ளே வந்தவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அலுமாரி திறக்கப்பட்டதையும் வீட்டிலுள்ளோர் எண்ணப்பட்டதையும் கண்டிருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவிலே, அடைமழையில், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பக்கமாகவும் தென்மராட்சிக்கும் நடந்தவர்கள் அவர்கள். 1996இல் திரும்பி வந்தபொழுது கதவில்லாத நிலைகளையும் ஓடில்லாத கூரைகளையும் கண்டவர்கள். வலிகாமம் வடக்கிலே எத்தனையோ குடும்பங்கள் தம் காணியைக் காண இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. அத்தகைய ஒருவருடைய படலையை அறிவித்தல் இல்லாமல் தட்டுவது சிறு காரியம் அன்று. தரகர் தம்பிக்கு அது தெரியாமல் இருக்கலாம். அதன் பின்னே தொண்ணூறுகளில் பிறந்த தலைமுறைக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆகையால்தான் எழுதுகிறோம்.

வேதாகமத்திலே முதலாவதாக வரும் காணிக் கொள்வனவு எதுவென்று அறிவீர்களா? தொடக்கநூலின் இருபத்து மூன்றாம் அதிகாரத்திலே, சாராள் இறந்தபின் அவளை அடக்கம் செய்ய ஆபிரகாம் மக்பேலாக் குகையை வாங்கும் நிகழ்ச்சி. அவர் எவ்வாறு வாங்கினார் என்று பாருங்கள். அந்நாட்டு மக்களுக்கு முன்பாக எழுந்து தலைவணங்குகிறார். ஒரு முறை அன்று, இரு முறை. தாம் அங்கே அந்நியன் என்று தாமே சொல்லிக்கொள்கிறார். உரிமையாளனாகிய எபிரோனோடு பேசித் தருமாறு ஊராரைக் கேட்கிறார். எபிரோன் சும்மா தருவதாகச் சொன்னபொழுதும் ஏற்காமல், நானூறு வெள்ளிச் செக்கேலை எல்லாரும் காண நிறுத்துக் கொடுக்கிறார். (எபிரோனின் அந்தத் தாராளத்தை நாம் அப்படியே நம்பவேண்டியதில்லை. எமது ஊரிலும் விலை சொல்லும் முன், "உங்களுக்கு இல்லாததா?" என்பார்கள்.) வாங்கிய பொருளின் விபரமோ எமது நொத்தாரிசு எழுதிய உறுதியைப் போலவே இருக்கின்றது: நிலம், அதிலுள்ள குகை, எல்லைக்குள் நிற்கும் மரங்கள். வான்பயிர் தான்பயிர், கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் என்று நாம் எழுதுவதை இது நினைவூட்டவில்லையா? இறைவனால் அந்த நாடு முழுவதும் வாக்களிக்கப்பெற்ற மனிதர் அவர். அவரே இருப்பவர்களை வணங்கித்தான் வாங்கினார். நாலு பரப்புக் காணி வாங்க வந்த நாம் செருப்பைக் கழற்றினால் குறைந்தா போவோம்?

எமது முன்னோரும் இதை அறிந்திருந்தார்கள். 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஈசாக்ஸ் தொகுத்து முடித்த தேசவழமையில், காணி விற்பவன் முதலில் தன் உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும், காணியை ஈடு பிடித்திருந்த பக்கத்துக் காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்ற வழக்கம் எழுதப்பட்டுள்ளது. அறிவியாமல் பிறத்தியாருக்கு விற்றால், அவர்கள் முந்திக்கொண்டு வாங்கும் உரிமை கோரலாம். இதனை முன்கொள்வனவு உரிமை என்கிறோம். 1947ஆம் ஆண்டின் சட்டம் இதைக் கூட்டுச் சொந்தக்காரருக்கும், விற்பவருக்கு வாரிசாகக் கூடியவர்களுக்கும் என்று குறுக்கி வைத்தது. ஒல்லாந்தர் காலத்தில் அறிவித்தல் எப்படிக் கொடுக்கப்பட்டது தெரியுமா? விற்பவனுடைய ஊர்க் கோவிலிலே, அடுத்தடுத்து மூன்று ஞாயிறுகளில். கலியாணத்துக்கு ஓலை வாசிக்கிறோமே, அதுபோல! அந்தக் கோவில்கள் அக்காலத்தில் எம்முடையனவாக இருக்கவில்லை என்பது வேறு கதை. ஆயினும் அந்த வழக்கத்தின் கருத்து எமக்கு வேண்டியது. காணி விற்பனை இரண்டு பேருக்கிடையிலான இரகசியம் அன்று. அதனால் பாதிக்கப்படுகிறவர்கள் முந்தி அறியவேண்டும். ஆனால் இன்று நடப்பது என்ன? கொழும்பில் இருக்கும் தம்பி, அண்ணன் வீட்டை விற்கப்போகிறான் என்பதை முகநூலில் வந்த படத்தைப் பார்த்து அறிகிறான். அவ்வீட்டில் குடியிருக்கும் மாமியோ, தரகர் வாயால் அறிகிறார். அதன்பின் பத்து வருடம் முகம் பாராத பகை. எத்தனை மரணவீடுகளில் இதைக் காண்கிறோம்!

எரேமியாவையும் சற்று நினைப்போம். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. இறைவாக்கினரோ காவலிலே கிடக்கிறார். அந்த நேரத்தில் சிறிய தந்தையின் மகன் அனமேல் வந்து, அனாதோத்திலுள்ள நிலத்தை வாங்கும் உரிமை உனக்கே உரியது, வாங்கிக்கொள் என்கிறான். எம் தேசவழமையின் அதே முறைதான். எரேமியா பதினேழு செக்கேல் நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து உறுதி எழுதி, அதை மண்பாண்டத்தில் வைக்கச் செய்கிறார். நாடே கைவிட்டுப் போகும் வேளையிலும் முறை தவறவில்லை. இறைவன் சொல்லித்தான் வாங்கினார். அந்த மண்ணில் திரும்பவும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம். 1995க்குப் பின் வன்னியிலே தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டும் காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தவர்களுக்கு இந்த அதிகாரத்தை விளக்க வேண்டியதில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறவர்களிடமும் ஒரு சொல். வருகிறவர்கள் பகைவர் அல்லர். தாம் பிறந்த ஊரில் ஒரு கூரை தேடும் இளங்குடும்பமாக இருக்கலாம். தீவுப்பகுதியிலிருந்தோ வன்னியிலிருந்தோ பிள்ளைகளின் படிப்புக்காக வருகிறவர்களாக இருக்கலாம். விற்பனையைக் குழப்பவேண்டும் என்று, "இந்த வீட்டிலை பேய் உலாவுது" என்று காதுக்குள் ஊதுகிறவர்களும் உண்டாம். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அது பொய்ச்சாட்சி. அதற்கு மறுபக்கமான பொய்யும் வேண்டாம். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்கு அடியிலே தேங்கும் மழைநீரே எமக்குத் தண்ணீர். அறிந்தவன் வீடு பார்க்க வந்தால் அறைகளைப் பிறகு பார்ப்பான். முதலில் வாளியைக் கிணற்றில் விட்டு ஒரு மிடறு குடிப்பான். மாரியிலே நல்ல தண்ணீராக இருப்பது ஆடி ஆவணியில் உவர்க்குமானால் அதைச் சொல்லிவிட வேண்டும். கிணற்றில் அயல் வளவாருக்குப் பங்கு இருந்தால் சொல்ல வேண்டும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை 2010களில் கண்டவர்கள் நாம். தண்ணீரில் ஒளிப்பு மறைப்பு எத்தகைய பாவம் என்று வேறு உதாரணம் வேண்டாம். வாங்கும்போதும் விற்கும்போதும் ஒருவரையொருவர் ஏய்க்கலாகாது என்று லேவியர் நூல் கட்டளையிடுகின்றது. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அது பொது.

எல்லாரையும் உள்ளே விட்டே ஆகவேண்டும் என்பதும் இல்லை. "தம்பி, இண்டைக்கு எனக்கு ஏலாது. சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்ல அந்த அம்மாவுக்கு உரிமை உண்டு. உறுதியிலே சீவிய உரித்து எழுதி வைத்திருந்தால் சட்டப்படியும் உண்டு. எழுதாவிட்டாலும் நான்காம் கட்டளைப்படி உண்டு. இதை அவர் வாயால் சொல்ல விடாமல், வெளிநாட்டிலுள்ள பிள்ளையே தரகரிடம் சொல்லிவிடுவது மேல். கிழமையில் இன்ன நாள், இன்ன நேரம். முதல்நாளே தொலைபேசியில் கேட்கவேண்டும். அம்மா மறுத்தால் மறுப்புத்தான். அறைக்குள் படம் எடுப்பதானால் அவரைக் கேட்டே எடுக்கவேண்டும். அவர் தனியே இருப்பவரானால் அந்நேரத்தில் அயலவர் ஒருவரோ பெறாமகனோ பக்கத்தில் நிற்கட்டும். முன்பின் அறியாதவர்களுக்கு, இங்கே ஒரு கிழவி தனியாக இருக்கிறாள் என்று காட்டிக் கொடுப்பது ஆபத்தும் ஆகும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே மரியாதை உரியது. அவர்கள் காசு கொடுத்து இருப்பவர்கள். அவர்களுடைய குழந்தை சோதனைக்குப் படித்துக்கொண்டிருக்கும் அறை அது.

திருஇருதய ஆண்டவருடைய படத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வருகிறவர் வேறு சமயத்தவரானால் மனம் கோணுமோ, விலை குறையுமோ என்று தரகர்கள் கழற்றச் சொல்கிறார்களாம். கழற்ற வேண்டாம். அந்த வீட்டில் ஒரு குடும்பம் ஆண்டவரை அரசராக ஏற்படுத்தி, அவர் முன்னே முழந்தாளிட்டு வாழ்ந்தது. கடைசிச் சாமான் வண்டியில் ஏறும் வரைக்கும் அது அவருடைய வீடுதான். புது வீட்டுக்கு முதலில் கொண்டுபோக வேண்டியதும் அதுவே. சைவக் குடும்பத்தினர் வாங்க வந்தால் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்று நாம் நினைக்கவில்லை. சுவாமி அறை உள்ள வீடு எது என்பதை எங்களைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள்.

இனி, வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு கேள்வி. விலையைப் பற்றித் தரகரோடு எத்தனை தரம் பேசியிருப்பீர்கள்! வீடு விற்றபின் தாம் எங்கே இருக்கப் போகிறோம் என்பதை அம்மாவோடு எத்தனை தரம் பேசினீர்கள்? தங்கச்சி வீட்டிலா, முதியோர் இல்லத்திலா, உங்களோடா? அது தெரியாமல்தான் படலை தட்டும் ஒவ்வொரு முறையும் அவர் நெஞ்சு பதறுகின்றது. முதலாவது ஆள் வீடு பார்க்க வருமுன் அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். அதுவரை தரகர் காத்திருக்கட்டும்.