ஒரு பிரசவத்துக்கு எத்தனை பேர்?

ஏற்காடு மலையிலுள்ள மாரமங்கலத்தில் நடுராத்திரி ஒரு பெண்ணுக்கு வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தகவல் நர்சம்மாவுக்குத்தான் போகும். அவர் ரத்த அழுத்தம் பார்ப்பார், வயிற்றில் கைவைத்துக் குழந்தை திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார், 108-ஐக் கூப்பிடுவார். ஏற்காட்டில் சமாளிக்க முடியாவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். வலி எப்போது தொடங்கியது, பனிக்குடம் எப்போது உடைந்தது, என்ன ஊசி போட்டாயிற்று? நர்சம்மா சொல்வது ஆம்புலன்ஸ் ஊழியர் வழியாகப் பிரசவ வார்டு டாக்டர்வரை பிசகாமல் போய்ச்சேர வேண்டும். நடுவில் ஒருவர் காது கொடுக்காவிட்டாலும் தாய்க்கு ஆபத்து.

இந்த மூவரும் படிக்கிற காலத்தில் பெரும்பாலும் ஒரே வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை.

சேர்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் சேர்ந்தே படிக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலியோ ஃப்ரெங்க், லிங்கன் சென் தலைமையிலான, லான்செட் மருத்துவ இதழின் ஆணையமும் அதையே வலியுறுத்தியது. இதற்காகவே வாழ்நாளைக் கொடுத்த ஆசிரியர்கள் பல நாடுகளில் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: கொள்கை எழுதும் மேசையில் உட்காருவதா, ஊரில் போய்த் தங்குவதா?

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே, தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில், ரெஜி ஜார்ஜும் லலிதாவும் தங்கிவிட்டார்கள். அவர் மயக்க மருந்து நிபுணர், இவர் மகப்பேறு மருத்துவர். 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனையில் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். கர்ப்பிணிகளைப் பார்க்கவும் குழந்தைகளை எடைபோடவும் ஊர்ப் பெண்களைப் பழக்கினார்கள். அவர்கள் தொடங்கிய காலத்தில் அங்கே பிறந்த 1000 குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்தன. பின்னர் அது 20-ஐ ஒட்டி இறங்கியது. இரண்டு டாக்டர்கள் மட்டும் எவ்வளவு ஓடியிருந்தாலும் இது நடந்திருக்காது.

மேசை வேலையும் வீண் என்று சொல்லிவிட முடியாது. காசநோயாளிக்குச் சானடோரியம் வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரை போதும் என்பதை 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் நிறுவியது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. வீடுவீடாகப் போய், மாத்திரை விழுங்கினார்களா என்று பார்த்த சுகாதாரப் பணியாளர்கள் இல்லாமல் அந்த ஆய்வே இல்லை. அந்த மையத்தின் வழிவந்த நிறுவனத்தில் பல ஆண்டுகள் உழைத்த சௌமியா சுவாமிநாதன்தான் 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார். ஊரில் கற்றது இருந்தால்தான் மேசையில் எழுதுவது நிற்கும்.

எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டம் 2022-இல் வந்திருக்கிறது. நல்ல திட்டம். அதே வீட்டுக்கு நர்சிங் மாணவியையும் பார்மசி மாணவரையும் கூட அனுப்பலாம். புதுக் கட்டிடம் எதுவும் தேவையில்லை. வேன் கிளம்பும் நேரத்தை மூன்று கல்லூரிகளும் பேசி முடிவுசெய்தால் போதும்.