பூட்டு எங்கே தொங்குகிறது?

"கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல நீ அடிக்கிறத, ரெண்டு தெரு தள்ளி ஒருத்தன் அவன் வீட்டு டிவியில படிக்கலாம்." 1980-ல் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அக்கறை உள்ளவர்கள் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். ஆனால் அவர் சொல்வது உண்மையாக இருந்திருக்கும்.

1985-ல் நெதர்லாந்து அஞ்சல், தொலைபேசித் துறையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த விம் வான் எக் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். பழைய குண்டு மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை திரையை வரி வரியாக வரைந்துகொண்டே இருக்கும். அதை இயக்கும் மின்துடிப்பு ரேடியோ அலையாக வெளியே கசியும். அந்த அலை டிவி ஒளிபரப்பைப் போலவே இருப்பதால், ஒரு சாதாரண டிவி, ஓர் ஆண்டெனா, படத்தை நிலைநிறுத்த ஒரு சின்ன சர்க்யூட், இவ்வளவு போதும். தேனிப் பக்கம் மொட்டை மாடிகளில் கொடைக்கானல் டவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தோமே, அந்த மாதிரி ஆண்டெனாதான்.

எனக்கு இதைவிட உறுத்தலான விஷயம் வேறு. ராணுவத்துக்கு இது பழைய செய்தி. இரண்டாம் உலகப் போரின்போதே பெல் ஆய்வகத்தில் ஒரு சங்கேத எந்திரம் ஓடும்போதெல்லாம் தூரத்தில் இருந்த ஆஸிலோஸ்கோப்பில் கோடு துள்ளியது. அந்தத் துள்ளலை வைத்தே ரகசியச் செய்தியைப் படிக்க முடிந்தது. இதைச் சொல்லும் அமெரிக்க அரசு ஆவணம் வெளியே வந்தது 2007-ல். நடுவில் பர்சனல் கம்ப்யூட்டர் பிறந்தது. 'டெம்பெஸ்ட்' என்ற பெயரில் ராணுவ ஒப்பந்தங்களுக்காகக் கவசமிட்ட கணினிகள் தனியாகத் தயாராயின. கடையில் நமக்குக் கிடைத்தது கசியும் கணினி. எவ்வளவு கசிந்தால் ஆபத்து என்ற அளவுகோலும் ரகசியம்தான்.

வில்லியம் கிளிஃபோர்ட் என்ற கணித அறிஞர் 1877-ல் ஒரு விதி சொன்னார்: போதிய ஆதாரமில்லாமல் எதையும் நம்புவது ஒழுக்கக்கேடு. இன்ஜினியரான எனக்கு இது இனிக்கும். லாக் காட்டு, அப்புறம் பேசு என்பதுதான் எங்கள் தொழில் தர்மம். ஆனால் அந்த 1980 ஆசாமியை இந்த விதியின்படி நிறுத்தினால் அவர் குற்றவாளி ஆகிவிடுவார். அவர் கேட்ட ஆதாரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்கள் தப்பிவிடுவார்கள். ஆதாரம் எல்லோர் கைக்கும் எட்டும் என்று கிளிஃபோர்டின் விதி சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. எட்டாத இடத்தில் என்ன செய்வது?

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வி கணினி வழியாக வரவில்லை, மலை வழியாக வந்தது. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்பு உணர்கருவி. "கதிர்வீச்சு வரும்", "அணுக்கழிவைக் கொட்டப் போறாங்க", "ஆயுதத்துக்குத்தான்" என்று ஊர் சந்தேகப்பட்டது. அறிவியல் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். நியூட்ரினோவைப் பொறுத்தவரை அவர்கள் பக்கம்தான் நியாயம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு சுமார் 6,000 கோடி கடந்து போகின்றன. ஒன்றும் ஆவதில்லை.

ஆனால் ஊர் நியூட்ரினோவை மட்டுமா சந்தேகப்பட்டது? அதைக் கொண்டுவருபவரையும்தான். திட்டத்தின் பின்னால் இருந்தது அணுசக்தித் துறை. உலையும் அதன் கையில், அணுகுண்டும் அதன் கையில். இந்தியாவின் ஆரம்பக் கணினிகளில் ஒன்றான டிடிசி-12-ஐ 1969-ல் உருவாக்கிய ஹைதராபாத் இசிஐஎல்லும் அதே வீட்டுப் பிள்ளைதான். 1962 அணுசக்திச் சட்டம் அந்தத் துறைக்குத் தகவலைப் பூட்டிவைக்கும் அதிகாரம் கொடுத்திருந்தது. "வெறும் ஆராய்ச்சிதான்" என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதைச் சரிபார்க்கும் சாவி ஊர்க்காரரிடம் இல்லை. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தபோதும் காரணம் நியூட்ரினோ இல்லை; மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் திட்டத்தை இன்னும் கடுமையாக ஆய்ந்திருக்க வேண்டும் என்பதுதான்.

ஆக, ஒரு சந்தேகத்துக்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பற்றி. இன்னொன்று பெட்டி ஏன் பூட்டியிருக்கிறது என்பது பற்றி. முதலாவதில் ஊர் தப்பாகப் போகலாம், அடிக்கடி போகிறது. அந்தத் தப்பைக் காட்டி இரண்டாவதையும் சேர்த்துத் தள்ளுபடி செய்வதுதான் படித்தவர்களின் தந்திரம்.

அதற்காக சந்தேகப்படுபவருக்குக் கடமையே இல்லை என்று ஆகாது. "எதைக் காட்டினால் நான் என் சந்தேகத்தை விடுவேன்?" என்று அவர் சொல்லியாக வேண்டும். எதைக் காட்டினாலும் விடமாட்டேன் என்றால் அது வேறு வியாதி. ஆனால் பூட்டியவர் முதலில் எதையாவது திறந்து காட்ட வேண்டும். எடை அதிகம் உள்ள கடமை அவருடையது, ஏனென்றால் சாவி அவரிடம்.

கம்பத்தில் யாராவது "தம்பி, இந்த போன் நம்ம பேசுறத ஒட்டுக்கேக்குதாப்பா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்லண்ணே" என்று அடித்துச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அந்தச் சில்லுக்குள் ஓடும் நிரல் முழுவதையும் நானும் பார்த்ததில்லை. எதைத் திறந்து பார்க்க முடிகிறது, எதைத் திறக்க விடுவதில்லை என்று மட்டும் சொல்லலாம். நேர்மையான பதில் அவ்வளவுதான்.