மாத்திரைக் கவரில் ஒரு கொக்கு

திருச்சி புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மாத்திரைகளைக் கத்தரித்துப் போட்டுத் தரும் சின்னக் காகிதக் கவரின் ஒட்டிய ஓரத்தைப் பிரித்துவிட்டால் நீளவாக்கில் ஒரு தாள் கிடைக்கும். அதைச் சதுரமாக வெட்டிக்கொள்வேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று கடைக்காரர் பேனாவால் போட்ட கோடுகள் அதில் இருக்கும். மடித்து முடிக்கும்போது அந்தக் கோடு சில சமயம் கொக்கின் கழுத்தில் வந்து நிற்கும், சில சமயம் இறக்கையில்.

*

ஹிரோஷிமாவின் சடாகோ சசாகியும் மருந்து சுற்றிவந்த தாள்களில் மடித்தவள்தான். 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. காயம் ஏதுமில்லை. பள்ளியில் நன்றாக ஓடக்கூடிய பிள்ளையாக வளர்ந்தாள். 1955 பிப்ரவரியில் இரத்தப் புற்றுநோய் என்று செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நகோயா மாணவர்கள் அங்கிருந்த நோயாளிகளுக்கு அனுப்பிவைத்த காகிதக் கொக்குகளைப் பார்த்து, அந்த ஆகஸ்டில் தானும் மடிக்க ஆரம்பித்தாள். ஆயிரம் மடித்தால் வேண்டியது கிடைக்கும் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. அக்டோபர் 25ஆம் தேதி இறந்துபோனாள். பன்னிரண்டு வயது.

ஆயிரத்தை எட்டும் முன்பே போய்விட்டாள் என்று உலகெங்கும் பிள்ளைகள் படிக்கும் கதைப் புத்தகம் சொல்கிறது. அவள் வீட்டார் சொல்வது வேறு. ஆயிரத்தைத் தாண்டினாள், அதற்குப் பிறகும் மடித்தாள் என்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. எண்ணிக்கை நிறைந்தும் நோய் இறங்கவில்லை. வேண்டுதல் பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தாளை எடுத்திருக்கிறாள். முன்னைவிடச் சின்னத் தாள். விரல் நுழையாத இடத்தில் ஊசி முனையை வைத்து மடித்திருக்கிறாள்.

*

முதலில் மூலைக்கு மூலை மடித்துப் பிரிக்க வேண்டும். பிரித்தாலும் கோடு தாளில் தங்கிவிடும். அடுத்த மடிப்பு அந்தக் கோட்டை நம்பித்தான் வரும். ஓரங்களை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு மடலை மட்டும் பிடித்து மேலே தூக்கும்போது இரண்டு பக்கமும் தானாக உள்ளே ஒடுங்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் தாள் கிழியும். கடைசியில் கழுத்தையும் வாலையும் உள்பக்கமாகத் திருப்பி, நுனியைக் கிள்ளித் தலை வைக்க வேண்டும். முதல் மடிப்பில் ஒரு நூல் பிசகியிருந்தால் அலகில் வந்து தெரியும்.

*

தொண்ணூற்று நான்கு. சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் இறந்துபோன பிள்ளைகளின் எண்ணிக்கை அது. சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, எரிந்த கூரை வகுப்பறையின் மேலேயே இறங்கியது. செய்தியில் எண்ணாகக் கேட்டபோது எனக்குள் வராத ஒன்று, ஒவ்வொன்றாக மடிக்கும்போது வந்தது. ஒரு கொக்குக்கு ஒரு பிள்ளை. அது முடியாமல் அடுத்த தாளைத் தொடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆனதுமே கை ஓய்கிறது. இன்னும் எத்தனை இருக்கிறது என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தியானம் என்று சொல்லலாம் என்றால், நான் செய்வது அதுதான்.

*

அதே வருடம் ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் மின்கசிவால் தீப்பிடித்தது. இறங்கக் குறுகலான படிக்கட்டு. மாப்பிள்ளையோடு சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திருச்சி முழுக்க அழுதது. தெரிந்தவர் தெரியாதவர் என்றில்லாமல் எல்லா வீட்டிலும் அதே பேச்சு.

ஜனவரி 23க்கும் ஜூலை 16க்கும் நடுவே முழுதாக ஆறு மாதம்கூட இல்லை. ஸ்ரீரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர். அந்தத் துக்கத்தை எல்லோரும் ஒரு கல்யாண வீட்டுத் துக்கமாகவே வைத்துக்கொண்டோம். அது கீற்றாலும் படிக்கட்டாலும் வந்த துக்கம் என்று பார்த்திருந்தால், தலைக்கு மேலே கீற்று வேய்ந்த பள்ளிக்கூடங்கள் அப்போதே கண்ணில் பட்டிருக்கும். கூரைக் கீற்றுகளை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது ஜூலைக்குப் பிறகுதான். ஸ்ரீரங்கத்துக் கொக்குகளை மடிக்கும் நாட்களில் என் மனம் கும்பகோணத்துக்குப் போய்விடுகிறது. இரண்டையும் என்னால் தனித்தனியாக நினைக்க முடியவில்லை.

*

கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் சத்திமுற்றம். அந்த ஊர்ப் புலவர் மதுரையில் குளிரில் ஒடுங்கிக் கிடந்தபோது, மேலே பறந்த நாரையிடம் தன் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பினார். நாரை போய்ச் சொல்லாது என்று அவருக்குத் தெரியாதா? சொல்ல ஆளில்லாதபோதும் சேதி இருக்கிறதே.

*

இப்படி மடித்ததை எல்லாம் கும்பகோணத்துக்கு எடுத்துப்போகலாமே என்று சொல்பவர்கள் உண்டு. மாட்டேன். ஜூலை 16 அந்தப் பெற்றோருடைய நாள். படங்களின் முன்னால் பூவும் விளக்கும், பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டமும் வைப்பார்கள். மாலையில் மகாமகக் குளத்தில் மோட்ச தீபம். அங்கே என் காகிதத்துக்கு இடமில்லை.

ஜப்பானிலேயே பெரிய நிலநடுக்கங்களுக்குப் பிறகு இந்தப் பேச்சு எழுவதுண்டு: தண்ணீரும் போர்வையும் இல்லாதவர்களுக்குப் பெட்டி பெட்டியாகக் கொக்கு வந்தால் எங்கே வைப்பார்கள்? நியாயமான கேள்வி. 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளை, பிள்ளைகள் மடித்து அனுப்பும் கொக்கு ஒன்றுக்கு இரண்டு டாலர் என்று கணக்கிட்டு மறுகட்டுமானத்துக்குப் பணம் தந்தது. அது எனக்குச் சரியாகப் படுகிறது. அரிசி முதலில், கொக்கு பிறகு.

நம் கடற்கரையில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களின் பெண்கள், தையலில் கழிந்த துணித் துண்டுகளால் விரலளவு பொம்மைகள் செய்தார்கள். சுனாமிகா என்று பெயர். அதை விற்பதில்லை, பரிசாகத்தான் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர்கள் மனமுவந்து தரும் நன்கொடையில் வேலை தொடர்ந்தது. இழந்தவர்களே செய்பவர்களாகவும் கொடுப்பவர்களாகவும் இருந்தார்கள். அந்தப் பொம்மையை என் கொக்குகளோடு சேர்த்து எண்ண எனக்குத் தைரியமில்லை.

*

இப்போது கல்யாணத்துக்குப் போனால் பந்திக்கு முன்னால் மாடிப்படியைப் பார்த்துவிடுவேன். போன முகூர்த்தத்தில் ஒரு மண்டபத்துக் காவல்காரரிடம் கேட்டேன்.

“அண்ணே, மாடியிலேருந்து இறங்க இன்னொரு வழி எங்க இருக்கு?”

“பின்னாடி இருக்குதும்மா. பூட்டித்தான் வச்சிருப்போம். மாடியில செருப்பு, சாமான் காணாமப் போவுது.”

“தாலி கட்டி எல்லாரும் கெளம்புற வரைக்கும் தெறந்து வைங்கண்ணே. நான் வேணா அங்கன உக்காந்துக்கறேன்.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஸ்ரீரங்கம் என்று மட்டும் சொன்னார். சாவி எடுத்துவந்து திறந்தார். படிகளில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை இருவருமாகத் தூக்கி வெளியே வைத்தோம்.