நண்பர் விட்டுப்போன அத்தியாயங்கள்

டோம் பிலிப்ஸ் பிரிட்டனைச் சேர்ந்த பத்திரிகையாளர். இளமையில் நடன இசைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தவர், 2007இல் பிரேசிலுக்குப் போனார். அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டார். போகப்போக அமேசான் காடுதான் அவருக்கு எல்லாம் என்றாகிவிட்டது.

2018இல் அமேசானின் ஜவாரி பள்ளத்தாக்குக் காட்டுக்குள் ஒரு நெடும்பயணம் போனபோது, பழங்குடியினர் நலத்துறை அதிகாரி புருனோ பெரேராவுடன் அவருக்கு நட்பு உண்டானது. அந்தப் பயணக் கட்டுரையை டோம் எப்படித் தொடங்கினார் தெரியுமா? அரைக்கால் சட்டையோடு நெருப்பருகே சேற்றில் குந்தியிருக்கும் புருனோ, வேகவைத்த குரங்கின் மண்டையைக் கரண்டியால் உடைத்து மூளையைக் காலை உணவாகச் சாப்பிட்டுக்கொண்டே, அரசின் கொள்கையைப் பற்றிப் பேசுகிறார். அந்த ஒரு காட்சியிலேயே ஆள் யாரென்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

2022 ஜூன் 5 அன்று, அதே பகுதியில் இத்தாகுவாய் ஆற்றில் படகில் திரும்பிக்கொண்டிருந்த இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். பழங்குடியினரின் நிலத்தில் திருட்டுத்தனமாக நடக்கும் மீன்பிடிப்பைக் கண்காணிக்க, அந்த மக்களுக்கே புருனோ பயிற்சி கொடுத்துவந்தார். அது பலருடைய பிழைப்பில் கைவைத்தது. அந்தக் கண்காணிப்புப் பணியைப் பார்த்து எழுதத்தான் டோம் உடன் போயிருந்தார். இருவரும் காணாமல் போன முதல் நாளிலிருந்தே ஆற்றில் தேடி அலைந்தவர்கள் அந்தப் பழங்குடி மக்கள். பத்தாம் நாள்தான் உடல்கள் கிடைத்தன.

அமேசானைக் காப்பாற்றுவது எப்படி என்று டோம் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். முதல் சில அத்தியாயங்கள் முடிந்திருந்தன. மிச்சமெல்லாம் குறிப்பேடுகளில் கிடந்தது. அழுது தீர்த்த நண்பர்கள் அத்தோடு கலைந்து போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஜொனாதன் வாட்ஸ், எலியான் ப்ரூம், ஜான் லீ ஆண்டர்சன், டாம் பிலிப்ஸ் (பெயரில்தான் ஒற்றுமை, உறவில்லை) என்று பத்திரிகையாளர்களின் ஒரு கூட்டமே கூடியது. ஆளுக்கோர் அத்தியாயம் எடுத்துக்கொண்டார்கள். செலவுக்குப் பொதுமக்களிடமும் பணம் திரட்டினார்கள். டோம் போக நினைத்திருந்த இடங்களுக்கு அவர் குறிப்புகளோடு போனார்கள். ஜவாரி பள்ளத்தாக்கிலேயே பிறந்த பெட்டோ மருபோவும் எழுதினார். டோமின் மனைவி அலெசாண்ட்ரா சம்பாயோ பக்கபலமாக நின்றார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. டோம் எழுதியது எதுவரை, நண்பர்கள் எழுதியது எது என்பது வாசகருக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஒட்டுப்போட்ட இடத்தை அவர்கள் மறைக்கவில்லை. போனவர் வாயில் நம் வார்த்தைகளைத் திணிப்பது நமக்கெல்லாம் கைவந்த கலை. இரங்கல் கூட்டங்களில் பார்க்கிறோமே, "அவர் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்" என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். இந்த நண்பர்கள் அதைச் செய்யவில்லை. டோம் எழுப்பிய கேள்விகளை அப்படியே எடுத்துக்கொண்டு, பதில்களைத் தங்கள் பெயரிலேயே எழுதினார்கள். 2025இல் புத்தகம் வெளிவந்தது. அட்டையில் ஆசிரியராக இருப்பது டோமின் பெயர்தான்.

உங்களோடு தோளோடு தோள் நின்று உழைத்த ஒருவர் பாதியில் விட்டுப்போன கோப்போ ஒலிப்பதிவோ உங்கள் அலமாரியில் இருக்கலாம். அடுத்த நினைவுநாளுக்குக் காத்திராமல் இன்றைக்கே அதை வெளியே எடுங்கள்.