பெயர் தைத்த போர்வை யாருக்குச் சொந்தம்?



உங்கள் இல்லத்தில் ஒரு குழந்தையின் வரவை எதிர்பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் வீட்டின் ஒரு மூலையில் ஊசியும் நூலும் இப்போது வெளியே வந்திருக்கும். அம்மம்மாவின் பழைய நூற்சேலை ஒன்று பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். யாரோ ஒருவர் புறக்கோட்டை கெய்சர் வீதிக்குப் போய் இரண்டு யார் வெள்ளைத் துணி வாங்கி வந்திருப்பார். பிறக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு சிறு போர்வை தைத்து, அதன் மூலையிலே பெயரையும் பூவேலை செய்துவிட வேண்டும் என்று அந்த வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதிலே சிந்திக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. தெமட்டகொடையில் எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒரு சம்பவம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது.

புகையிரதப் பாதைக்கு அண்மையில், ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கை எங்களுடையது. அங்கே ஒரு தாய் தனது முதற் பிள்ளைக்காக ஒரு போர்வை தைத்தாள். தனது தாயின் சேலையிலிருந்தும் கணவரின் பழைய சாரத்திலிருந்தும் சதுரங்கள் வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தினாள். மகனானாலும் மகளானாலும் பொருந்தக்கூடிய ஒரு செல்லப் பெயரை நடுச் சதுரத்தில் நீல நூலால் சங்கிலித் தையலிட்டாள். வேலை முடிந்த அன்று அதை எங்கள் எல்லோருக்கும் காட்டினாள். எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோயிற்று. போர்வை மடித்தபடியே பெட்டிக்குள் போனது. அந்தப் பெயரை நான் இங்கு எழுதவில்லை. அது அந்தக் குடும்பத்துக்கு உரியது.

மூன்று ஆண்டுகள் சென்றன. அடுத்த வீட்டுக்கு அட்டன் பக்கமிருந்து ஓர் இளம் தம்பதியர் வாடகைக்கு வந்தார்கள். அந்தப் பெண் கர்ப்பவதி. தாய் தூரத்தில், கையிலே காசு குறைவு. அப்போது இந்தத் தாய் பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்தாள். எடுத்தவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “அக்கா, இதை அந்தப் பிள்ளைக்குக் குடுக்கலாமோ? பெயரைப் பிரிச்செடுத்துப் போட்டுக் குடுக்கட்டோ?” என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. பெயர் தைத்த துணி யாருக்குச் சொந்தம்? தைத்தவளுக்கா, பெயருக்குரியவருக்கா, தேவைப்படும் பிள்ளைக்கா?

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். பிறந்த குழந்தைக்கு நாம் தைக்கும் போர்வை பெரிதாகத் தேவைப்படுவதில்லை. கொழும்பிலே குளிர் ஏது? ஆண்டு முழுவதும் சராசரியாக 27 பாகை வெப்பம். உலக சுகாதார நிறுவனம் கூறுவதைக் கேளுங்கள்: பிறந்தவுடன் குழந்தையைத் துடைத்து, தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்க வேண்டும், முதற் குளிப்பை ஒரு நாள் முழுவதும் தள்ளிப்போட வேண்டும். 1978-ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், சூடு காக்கும் பெட்டிகள் போதாமற் போனபோது, எட்கார் ரே என்னும் வைத்தியர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று அது உலகமெங்கும் பரவியிருக்கிறது. இறைவன் தந்த முதற் போர்வை தாயின் தோலே.

இன்னுமொன்று. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும்போது தளர்ந்த போர்வை எதுவும் அருகில் இருக்கலாகாது என்றும், பிள்ளையை மல்லாக்காகவே கிடத்த வேண்டும் என்றும் இன்றைய வைத்தியர்கள் அறிவுறுத்துகிறார்கள். போர்வை முகத்தில் ஏறினால் மூச்சு அடைபடும். ஆகவே நாம் தைப்பது மடியில் ஏந்தும்போது சுற்றவும், பாயில் விரிக்கவும், கோவிலுக்குக் கொண்டுபோகும்போது காற்றுப் படாமல் மூடவுமே. அதிலே ரிப்பனும் பொத்தானும் வேண்டாம். பின்புறத்தில் தொங்கும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கிவிடும். அதனால் பூவேலையின் பின்புறத்தை இன்னொரு மெல்லிய துணியால் மூடித் தைக்க வேண்டும். புதுத் துணியானால் கஞ்சிப் பசை போக முதலில் துவைத்துக் காயவைத்த பின்பே வெட்ட வேண்டும்.

நமது மூத்தோர் புதுத் துணியையே நாடவில்லை. பல முறை துவைத்து மெலிந்த சேலையில்தான் பிள்ளையைச் சுற்றினார்கள். அதையே ஏணையாகவும் கட்டினார்கள். பிறக்குமுன் எதையும் தைத்து வைக்காதே என்றும் சொன்னார்கள். இதை மூடநம்பிக்கை என்று நாம் தள்ளிவிடுகிறோம். ஆனால் பிரசவ அறையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பெண்களை அவர்கள் நிறையக் கண்டிருந்தார்கள். வீட்டிலே காத்திருக்கும் சிறு துணிகளைப் பார்ப்பது எவ்வளவு கொடியது என்பதை அறிந்தே அப்படிச் சொன்னார்கள்.

பழந்துணியின் அருமையை அறிந்தவர்கள் நாம் மட்டுமல்லர். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டித் தைக்கும் ‘காந்தா’ பிள்ளைகளைச் சுற்றவும் படுக்கவைக்கவும் உதவுகிறது. இந்தியாவின் வடகன்னட மாவட்டத்திலே, ஆபிரிக்க வழிவந்த சித்தி மக்கள் பழைய உடைத் துண்டுகளைப் பொருத்திப் போர்வைகள் தைக்கிறார்கள். அவர்களிற் கத்தோலிக்கரும் உண்டு, இஸ்லாமியரும் இந்துக்களும் உண்டு. கத்தோலிக்கப் பாட்டிமார் சிலர் தாம் தைப்பதிற் சிலுவையையும் சேர்ப்பார்கள். வீட்டாரின் உடைகளெல்லாம் ஒரு துண்டாவது அதிலே சேர்ந்துவிடும்.

அப்படியானால், தேவை இவ்வளவு சிறிதாக இருக்க, பகலிரவாகக் கண்ணைக் கெடுத்துத் தைப்பது ஏன்? அன்பினாலா, அல்லது நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டும் என்பதற்காகவா? நெஞ்சிலே கைவைத்துச் சொன்னால் இரண்டும் கொஞ்சம் உண்டு. ஆதலால் கையால் தைத்ததெல்லாம் புனிதம், கடையில் வாங்கியதெல்லாம் வெறும் பகட்டு என்று தீர்ப்பிட்டுவிடலாகாது. 1978-இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கிய நாள் முதல் எத்தனை ஆயிரம் பெண்கள் பிறநாட்டார் உடுக்கும் உடைகளைத் தைத்துத் தைத்து முதுகு வளைந்திருக்கிறார்கள்! பகல் முழுவதும் மெசினின் முன்னிருந்து வீடு திரும்பும் தாய், தன் பிள்ளைக்குக் கடையில் ஒரு துவாய் வாங்கிச் சுற்றினால் அவளது அன்பு குறைந்ததா? இல்லவே இல்லை.

விவிலியத்திலே தையல் வேலை செய்த இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள். அன்னா தன் மகன் சாமுவேலுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு மேலாடை செய்து சீலோவுக்கு எடுத்துச் சென்றாள். அந்தப் பிள்ளையை அவள் ஏற்கெனவே ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டாள். அவன் அவளது வீட்டில் இல்லை. இருந்தும் தைத்தாள். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளை வளர்ந்திருப்பான். சென்ற ஆண்டின் அளவு இவ்வாண்டு பொருந்தாது. பிள்ளையைத் தன் துணியின் அளவுக்கு அவள் குறுக்கவில்லை. பிள்ளையின் அளவுக்குத் துணியை வெட்டினாள்.

மற்றவள் யோப்பா நகரின் தபித்தா. அவள் இறந்தபோது, அவள் செய்து கொடுத்த உடைகளைக் கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டினார்கள். அவளுடைய உழைப்பு அவளது அலுமாரியில் இருக்கவில்லை. மற்றவர்களின் உடம்பிலே இருந்தது.

நம்மிடையே வேறொரு வழக்கமும் உண்டு. “உனக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?” என்று, பிள்ளை வளர்ந்து நாம் விரும்பாத வழியிலே ஓரடி வைத்தவுடன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறோம். பிள்ளை கேட்டா நாம் தைத்தோம்? பிள்ளை அந்தப் போர்வையை நனைக்கும், கடிக்கும், இழுத்துக் கிழிக்கும். அதற்காகத்தானே அது? அழுக்காகிவிடும் என்று கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிய போர்வை, பிள்ளைக்குக் கொடுத்த போர்வை ஆகாது. அது நமக்கு நாமே தைத்துக்கொண்டது.

இனிப் பெயருக்கு வருவோம். துணியிலே பெயரைத் தைப்பது எதற்காக? இது என்னுடையது என்று முத்திரை குத்தவா? இலண்டன் நகரில் நடந்த ஓர் உண்மைச் சம்பவம் இதற்கு விடை சொல்கிறது.

அங்கே தோமஸ் கோரம் என்பவரின் முயற்சியால், கைவிடப்படும் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று 1741-இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. வறுமையாலோ அவமானத்தாலோ பிள்ளையை வளர்க்க இயலாத தாய்மார் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். பிள்ளைக்குப் புதுப் பெயர் இடப்படும். பின்னொரு நாள் தாய் திரும்பி வந்தால் அடையாளம் காண்பதற்காக ஒரு துணித் துண்டைப் பதிவுத் தாளோடு சேர்த்து வைப்பார்கள். அத்தகைய துண்டுகள் ஏறத்தாழ 5,000 இன்றும் இருக்கின்றன. 1767 பெப்ரவரி 11-ஆம் நாள் விடப்பட்ட ஓர் ஆண் குழந்தையோடு ஒரு ஒட்டுத் துணி இருந்தது. பல துண்டுகளைப் பொருத்தி, சிவப்பு நூலால் ஓர் இருதயம் தைத்து, அதை இரண்டாக வெட்டியிருந்தார்கள். ஒரு பாதி பிள்ளையோடு, மறு பாதி தாயோடு. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1775 ஜூன் 10-ஆம் நாள், சாரா பெண்டர் என்னும் அந்தத் தாய் வந்து தன் மகனைப் பெற்றுக்கொண்டாள்.

இது எல்லோருக்கும் கிட்டிய பேறல்ல. 1741-க்கும் 1760-க்கும் இடையே அவ்வில்லம் ஏற்ற 16,282 குழந்தைகளில் 152 பேரே மீட்டுக்கொள்ளப்பட்டார்கள். மற்றத் தாய்மாரின் துணிகள் அப்படியே தாளோடு கிடக்கின்றன. ஆனால் அவையும் பொய்யல்ல. உன்னை நான் மறக்கவில்லை என்று சொல்ல, எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண்ணிடம் அந்தத் துண்டுத் துணியைத் தவிர வேறென்ன இருந்தது?

ஆகவே துணியில் தைத்த பெயர், பிள்ளைமேல் நமக்குள்ள உரிமைப் பத்திரம் அல்ல. பிள்ளைக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. ‘நீ பிள்ளைகளுள் ஒரு பிள்ளை அல்ல, நீ நீயே. உன்னை நான் அறிந்துகொள்வேன்’ என்பதே அதன் பொருள். பெத்லெகேமிலே இடையர்களுக்குத் தரப்பட்ட அடையாளமும் துணியிற் சுற்றிய ஒரு குழந்தைதானே? அரச முத்திரை எதுவும் அங்கே இருக்கவில்லை. யாரோ கவனமாகச் சுற்றியிருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புவோம். அந்தத் தாய்க்கு நான் இரண்டு பக்கமும் யோசித்து ஏதோ சொன்னேன். பெயரைப் பிரித்துவிட்டால், வந்து போன பிள்ளையை வராத பிள்ளை ஆக்கிவிடுகிறோம். பிரிக்காமற் கொடுத்தாலோ, பிறக்கப் போகும் பிள்ளை இன்னொருவரின் பெயரைச் சுமக்க நேரிடும். எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளைக்கு ஈடாகப் பிறப்பதில்லை. பெட்டியிலேயே வைத்துவிட்டால் பூச்சி தின்னும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் துணி இல்லை. நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க, விடையைக் கண்டவள் அந்த அட்டன் பெண்தான்.

“அக்கா, பேரை நீங்க வச்சுக்கங்க. துணியை எங்களுக்குத் தாங்க” என்றாள்.

அன்று மாலையே இருவரும் திண்ணையிலே அமர்ந்து, பெயர் தைத்த நடுச் சதுரத்தை மட்டும் தையல் பிரித்து எடுத்தார்கள். ஓர் எழுத்தும் கலையவில்லை. அந்த இடத்திலே அட்டன் பெண் தன் தாயின் சேலையிலிருந்து ஒரு துண்டை வைத்துத் தைத்தாள். பெயர் தைத்த சதுரம் இன்று அந்தத் தாயின் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நவம்பர் மாதத்திலே இறந்தோருக்காகச் செபிக்கும்போது அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். போர்வையோ நன்றாக உழைத்தது. சளி துடைத்தது, பாயில் விரிந்தது, மழை நாளில் கொடியில் காயாமல் ஏச்சும் வாங்கியது. கடைசியாக நான் கண்டபோது அதன் ஒரு மூலை அடுப்படியில் சட்டி இறக்கும் பிடிதுணியாக இருந்தது.

துணி உயிரோடிருப்பவர்களுக்கு உரியது. பெயரோ அதற்குரியவருக்கே உரியது. இரண்டையும் பிரித்தறிய அந்த இரு பெண்களுக்கும் ஒரு மாலைப் பொழுது போதுமாயிருந்தது.

ஆகவே, அன்பார்ந்த தாய்மாரே, அம்மம்மாரே, தையுங்கள். நேரமில்லாவிட்டால் மனம் வருந்தாமல் வாங்குங்கள். பெயரைத் தைக்கும்போது அது எந்த வாக்குறுதி என்பதை நினைத்துக்கொண்டு தையுங்கள். பிள்ளை வளர்ந்து, நீங்கள் எண்ணிய அளவுக்குப் பொருந்தாதவனாய் உங்கள் முன் நிற்கும் நாளில், அன்னாவைப் போல மீண்டும் அளவெடுங்கள். உங்கள் ஒழுங்கையிலே துணியில்லாமல் ஒரு பிள்ளை பிறக்குமானால், அன்றிரவு பெட்டியைத் திறந்து பாருங்கள்.