வாயில்லா உயிர்க்கு உணவிடும் அறம்

மனிதன் தனக்கு வேண்டிய உணவைத் தானே தேர்ந்துகொள்கிறான். பிடிக்காததை ஒதுக்குகிறான், ஒவ்வாததை உண்டு துன்புற்றால் அடுத்த முறை விழிப்பாயிருக்கிறான். ஆனால், நம் வீட்டு வாயிலில் கட்டுண்டிருக்கும் நாய்க்கும், அடுக்களையில் காலைச் சுற்றிவரும் பூனைக்கும் இவ்வுரிமை இல்லை. நாம் இட்டதே அவற்றின் உணவு. நாம் இடாதது அவற்றுக்குக் கிட்டாதது. ஆதலின், வளர்ப்புயிர்க்கு எதனை உணவாக இடுவது என்னும் வினா, அடுக்களையோடு முடிந்துவிடும் வினா அன்று. அறத்தைச் சார்ந்த வினாவாகும்.

இவ்வினா இன்று விலங்கு வளர்ப்போரிடையே ஒரு பெரும் வழக்காகவே மூண்டிருக்கிறது. ஆலையில் செய்து, பையிலும் தகரக் குவளையிலும் அடைத்து விற்கும் உணவே போதுமானது என்பார் ஒரு சாரார். பச்சை இறைச்சியையும் எலும்பையும் ஈரலையும் வீட்டிலேயே கலந்து இடுவதே இயற்கைக்கு இயைந்தது என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் உயிர்கள்மீது அன்புடையவர்களே. அன்புடையார் இருவர் முரண்படுமிடத்து, அன்பு ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது.

ஆலை உணவு நெடுங்கால வரலாறு உடையதன்று. ஜேம்ஸ் ஸ்பிராட் என்பார் 1860ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் நாய்களுக்கென ரொட்டி செய்து விற்கத் தொடங்கினார். நம் தோட்டப்புறங்களில் சோறும் குழம்பும் மீன்தலையுமே நெடுங்காலம் நாய் பூனைகளின் உணவாயிருந்தன. 1993இல் ஆஸ்திரேலிய விலங்கு மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் எழுதிய நூலொன்று, பச்சை எலும்பும் இறைச்சியுமே நாய்க்கு உரியவை என்று வாதிட்டது. அதன் பின்னர் இக்கொள்கை பல நாடுகளிலும் பரவலாயிற்று.

பச்சை உணவாளரின் ஐயம் காரணமற்றதன்று. 2007ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் விற்கப்பட்ட வளர்ப்புயிர் உணவில் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலந்திருப்பது தெரியவந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், புரதம் மிகுந்திருப்பதுபோல் ஆய்வில் தோன்றும்பொருட்டு அது சேர்க்கப்பட்டிருந்தது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மாண்டன. பையின்மேல் அச்சிட்ட சொல்லை நம்பி உணவிட்டவர் செய்த குற்றம் யாது? பிறர் செய்த உணவில் கலந்திருப்பதை நாம் அறியோம். நம் கையால் செய்ததை அறிவோம் என்பதே இவர்களின் வலிமைமிக்க வாதம்.

ஆனால், நம் கையால் செய்ததை நாம் உண்மையிலேயே அறிவோமா? எலியைப் பிடித்த பூனை அதன் தசையை மட்டும் தின்பதில்லை. எலும்பும் ஈரலும் இதயமும் அதற்கு உணவாகின்றன. நாம் சந்தையில் வாங்கும் கோழியின் நெஞ்சிறைச்சி அவ்வெலிக்கு ஈடாகாது. தசையில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதனை மட்டுமே உண்டு வளரும் குட்டியின் உடல், தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எலும்பு மெலிந்து முறிகிறது. ஈரல் நல்லதென்று அதனையே நாள்தோறும் இட்டால், வைட்டமின் ஏ அளவுமீறிப் பூனையின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப் போகக்கூடும். சிலவகைப் பச்சை மீன்களில் உள்ள நொதி, வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடுகிறது. இவற்றுள் ஒன்றும் ஒரே நாளில் நேர்வதில்லை. விலங்கு ஆவலோடு உண்ணும். வளர்ப்பவர் மனம் மகிழும். எலும்பின் நிலையோ கண்ணுக்குத் தெரியாது.

நாய் ஓநாயின் வழிவந்தது, ஆதலின் ஓநாயின் உணவே நாயின் உணவு என்பதும் முழு உண்மையன்று. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் மிகுதி என்பதை 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மனிதனோடு வாழ்ந்து, அவன் உணவுக்கே ஓரளவு இசைந்துவந்த உயிர் அது. பூனையோ இன்றும் ஊனின்றி வாழவியலாத உயிராகவே இருக்கிறது. ஊனில் உள்ள தௌரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும்.

இத் தௌரினின் வரலாறு இரு சாராருக்கும் ஒரு பாடமாகும். ஆலை உணவை உண்ட பூனைகளிடமே தௌரின் குறைவால் இதயத்தசை தளரும் நோய் உண்டாதலை 1987இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். ஆலையார் அச்சத்தின் அளவை உயர்த்தினர், நோயும் அரிதாயிற்று. ஆலையும் தவறிற்று என்பது உண்மையே. ஆயினும், பல பூனைகள் அத்தகைய உணவை உண்டு ஒரே நோயை அடைந்தமையால், தவறு கண்டறியப்பட்டுத் திருத்தவும் பட்டது. ஒரு வீட்டு அடுக்களையில் நேரும் தவற்றை யார் கணக்கெடுப்பார்? பூனையொன்று மெலிந்து இறந்தால், வயதாயிற்று என்று கூறிப் புதைத்துவிடுகிறோம்.

வீட்டில் செய்தல் வேறு. பச்சையாக இடுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் குழப்பம் மிகுகிறது. வீட்டில் செய்ததை வேகவைத்தும் இடலாம். பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா முதலிய நுண்ணுயிரிகள் இருத்தல் கூடும். நாய் தான் நோயுறாமலேயே அவற்றைக் கழிவின் வழியே பரப்பலாம்; அதே நாய் வீட்டுக் குழந்தையின் முகத்தை நக்கலாம். குளிர்பெட்டியில் உறையவைத்தல் ஒட்டுண்ணிகள் சிலவற்றைக் கொல்லும். ஆனால், இந்நுண்ணுயிரிகளை அழிக்கும் வழியென அதனை நம்பலாகாது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், உறையவைத்த பச்சை வான்கோழி உணவை உண்ட வீட்டுப்பூனை ஒன்று பறவைக் காய்ச்சலால் இறந்தமை உறுதிசெய்யப்பட்டது. அவ்வுணவு கடையில் விற்கப்பட்டதே. ஆகவே, செய்தவர் யார் என்பதோடு எவ்வாறு செய்தார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மயிலுக்குக் குளிருமென்று எண்ணித் தன் போர்வையை அளித்ததை மாணவர் அறிவர். வேண்டுமா வேண்டாவா என்று ஆராயாத அவ்வீகையைச் சான்றோர் கொடைமடம் என்று போற்றினர். அஃது ஈவோனின் உள்ளப் பெருமைக்குச் சான்று. ஆனால், மயிலுக்குப் போர்வையால் பயன் யாது? பேகன் ஒருநாள் கொடுத்தான். மயில் அதனை உதறிவிட்டுப் பறந்துபோகலாம். நாமோ நாள்தோறும் கொடுக்கிறோம். கட்டுண்ட நாய் அதனை விட்டு எங்கும் போகவியலாது. ஒருநாட் கொடைக்கு மடம் அழகாகலாம். வாழ்நாட் காவலுக்கு அஃது அழகன்று. இயற்கை என்னும் சொல்லில் மயங்கிப் பச்சை இறைச்சியை இடுவதும், ஆராயாமல் கைக்குக் கிடைத்த பையை வாங்கி இடுவதும் மயிலுக்குப் போர்வை போர்த்துவதைப் போன்றனவே.

இதன் மற்றொரு வடிவமும் நம்மிடையே உண்டு. புரட்டாசித் திங்களில் புலால் மறுக்கும் வீடுகளும், வாழ்நாள் முழுதும் மறுக்கும் வீடுகளும் நம் சமுதாயத்தில் உள்ளன. அத்தகைய வீட்டில் பூனைக்கும் தயிர்ச்சோறே இடப்படுமாயின், அது முறையாகுமா? நோன்பு நாம் ஏற்றது, பூனை ஏற்றதன்று. நோன்பின் பயன் நமக்கும் அதன் துன்பம் பூனைக்கும் ஆவது எவ்வகை அறம்? ஓருயிரைக் காக்கப் பிறிதோர் உயிரின் ஊனை இடவேண்டியிருக்கிறதே என்று கொல்லாமையைப் போற்றுவோர் மனம் நோவது இயல்பே. அந்நோவு மெய்யானது, எள்ளி நகையாடத் தக்கதன்று. ஆயினும், அதற்குரிய விடை பூனையின் இயல்பை மாற்ற முயல்வதன்று. ஊன் வேண்டாத முயலையோ புறாவையோ அவர்கள் வளர்க்கலாம். பூனையை ஏற்றுக்கொண்டவர் அதன் இயல்பையும் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும்.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்குக்கு ஏற்ற உணவளித்தலை அதனை வைத்திருப்பவரின் கடமைகளுள் ஒன்றாக்கியிருக்கிறது. ஏற்ற உணவு எது என்பதைச் சட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சொல்லித் தராது. அதனை அறிந்துகொள்ளும் உழைப்பு வளர்ப்பவரைச் சார்ந்தது. வீட்டில் செய்து இட விரும்புவோர், விலங்கு உணவியலை அறிந்த மருத்துவரிடம் அளவுகளை வகுத்துப் பெற்று, நிறுத்து இடுதல் வேண்டும். நன்கு வேகவைத்தல் வீட்டாருக்கும் காப்பாகும். வெந்த எலும்பு சிதறிக் குடலைக் குத்துமாதலின் அதனை நீக்கிவிட வேண்டும். இத்துணை உழைப்புக்கு நேரமும் பொருளும் இல்லாதவர், முழுமையான உணவு என்று குறிக்கப்பட்ட ஆலை உணவை அந்த விலங்கின் வயதுக்கேற்பத் தேர்ந்து இடுவதில் இழுக்கொன்றும் இல்லை. அவரை அன்பற்றவர் என்று பழிப்பது தகாது. அறிந்து வாங்கியவர், அறியாது சமைத்தவரைவிடத் தம் கடமையை நன்கு செய்தவராவார்.

ஆசிரியர்க்கு இவ்வுண்மை புதியதன்று. மாணவன் தலையாட்டுவதால் பாடம் விளங்கிற்று என்று நாம் கொள்வதில்லை. கேட்டும் சோதித்தும் பார்க்கிறோம். நாய் வாலாட்டுவதால் உணவு பொருந்திற்று என்றும் கொள்ளலாகாது. அதன் எடையையும் பல்லையும் நடையையும் பார்த்தல் வேண்டும். பொருந்தாதது தெரிந்தால், நம் கொள்கை எதுவாயினும் அதனைக் கைவிடும் துணிவும் வேண்டும். மறுத்துப் பேசவியலாத உயிரிடத்தில் நாம் நடந்துகொள்ளும் முறையே நம் அன்பின் உண்மையான அளவாகும். பச்சையோ வெந்ததோ பையில் அடைத்ததோ, தட்டில் உணவை வைக்கும் கைக்கு அன்போடு அறிவும் வேண்டும் என்பதை இளையோர் நெஞ்சில் நிறுத்துவார்களாக.