நாய்க்கிடும் உணவும் கொல்லாமையும்

தன்னை ஒறுத்துப் பிறவுயிர்க்கு நலஞ்செய்தல் அறமாம். பிறிதோருயிரை ஒறுத்துத் தன் விரதத்தைக் காத்தல் அறமாகாது. இவ்வுண்மை எளிதின் விளங்குவதேயாயினும், நடைமுறையில் இதனை மறந்து இடர்ப்படுவார் பலர். அவருள் யாமும் ஒருவரானேம். ஆதலின் இதனை எழுதலானேம்.

வட்டகொடையிலே, புகையிரத நிலையத்திற்கு மேலே தேயிலைச் சரிவிலுள்ள எம் மனைக்கு, மழையிரவொன்றில் லயத்துப் பக்கமிருந்து ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. எம் மனையிற் புலால் புகுவதில்லை. ஆகவே யாம் உண்ணும் சோற்றையும் இரசத்தையும், எஞ்சிய ரொட்டித் துண்டுகளையுமே அதற்கிட்டு, அதனையும் சைவமாக்கினேம் என்று உள்ளத்துள் மகிழ்ந்திருந்தேம். சில திங்களில் அதன் மயிர் ஒளி குன்றி உதிர்ந்தது; விலாவெலும்பு தோன்றிற்று; பின்னங்கால்கள் தளர்ந்தன. மிருக வைத்தியரிடங் கொண்டு சென்றேம். அவர் உணவு யாதென வினவி, யாம் கூறியதைக் கேட்டபின், விரதம் பூண்டவர் தாங்கள், பட்டினி கிடந்தது நாய் என்றனர். அச்சொல் எம்மைச் சுட்டது.

ஊனுண்ணாதான் தன்னை அடைந்த நாய்க்கு யாது இடல் வேண்டும்? இதற்கு மூவகை விடை கூறுவாருளர்.

ஊனுண்ணாதார் நாய் வளர்த்தலே தகாதென்பர் ஒருசாரார். அது பொருந்தாது, அடைந்த உயிரைத் தெருவிற் றுரத்துதல் கொல்லாமையாகாது. தன்னைத் தொடர்ந்துவந்த நாயை விட்டுத் துறக்கம் புகேன் என்று தருமபுத்திரர் நின்ற வரலாற்றைப் பாரதத்திற் கேட்டுளேம். வைரவமூர்த்திக்கு நாயே ஊர்தி. அன்றியும், சிறுத்தையும் காட்டுப்பன்றியும் இரவில் இறங்கும் இம்மலைச்சாரலில், லயத்து வாயிலிற் கிடந்து குரைத்துக் காக்கும் நாய்க்கு நாம் கடன்பட்டவராவோம்.

நாய் ஊனுண்ணும் விலங்காதலின் ஊனே இடுக என்பர் மற்றொருசாரார். இது பாதி உண்மை. நாய் ஓநாயின் வழிவந்ததே. ஆயினும் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தமையால் அதன் குடல் மாறிற்று. மாச்சத்தைச் செரிப்பிக்கும் பொருளை ஆக்கும் மரபணு, ஓநாயினும் நாயின்கண் பன்மடங்கு மிகுந்துளதென்று சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2013-இல் வெளியிட்டனர். பூனையோ அத்தன்மைத்தன்று, ஊனிலன்றிப் பெறலாகாத சத்துக்கள் சில அதற்கு இன்றியமையாதன. ஆகவே பூனைக்குரிய விடை வேறு, நாய்க்குரிய விடை வேறென்க.

நாம் உண்பதையே நாய்க்கும் இடுக என்பது மூன்றாவது விடை. இதுவே எம்மை ஏமாற்றியது. நாயின் உடல் வேண்டுவது ஊனென்னும் பெயரையன்று, புரதத்தையாம். அதிலும் அதன் உடல் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாத அமினோ அமிலங்கள் பத்தினையாம். நீர் நீங்கிய உணவில் நூற்றுக்கு 18 பங்கேனும் வளர்ந்த நாய்க்கும், 22.5 பங்கேனும் குட்டிக்கும் பாலூட்டும் பெட்டைக்கும் புரதம் வேண்டுமென்பது அமெரிக்கத் தீவன அலுவலர் சங்கம் வகுத்த அளவு. அரிசியிலுள்ளதோ ஏறக்குறைய 7 பங்கே. இரசம் அக்குறையை நிரப்பாது. மேலும் நம் குழம்பிலிடும் வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிக்கு ஊறு செய்வன. யாம் அன்பென்று இட்டது இத்தகையது.

இனிக் கடையில் விற்கும் உலருணவுப் பையை நோக்குவாம். அதன்மேற் பொருள்கள் எடைமுறையில், மிக்கது முன்னாக அச்சிடப்பட்டிருக்கும். முதலிற் கோழியிறைச்சி என்றிருப்பின் அதுவே மிகுதியென்று துணிதல் கூடாது. பச்சையிறைச்சியில் நூற்றுக்கு 70 பங்களவு நீராம். அது வற்றியபின் நிற்பது 30 பங்கே. உலர்த்தி அரைத்த இறைச்சித்தூளோ முன்னரே நீர் நீங்கியது. பட்டியிற் பின் நிற்பினும் புரதம் மிகத் தருதல் கூடும். ஒரே தானியத்தை மா, தவிடு, பசை எனப் பலவாகப் பிரித்தெழுதின், ஒவ்வொன்றும் சிறிதாகத் தோன்றும். கூட்டின் அதுவே முதலிடம் பெறும்.

புரத அளவென்று அச்சிட்ட எண்ணும் முழுவுண்மையன்று. நைதரசனை அளந்து 6.25-ஆற் பெருக்கி வருவதே அவ்வெண். 2007-இல் வட அமெரிக்காவில், சீனத்திலிருந்து வந்த கோதுமைப் பசையில் மெலமைன் என்னும் பொருளைக் கலந்திருந்தனர். அது புரதமன்று, நைதரசன் மிக்கது. எண் உயர்ந்தது; அவ்வுணவை உண்ட நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. வேடத்தைக் கண்டு ஒழுக்கத்தை அளப்பார்க்கும் இவ்வாறே முடியும்.

பையிலுள்ள புரத மூலங்களைக் கொல்லாமை நோக்கி ஒப்பிடுவாம். மீன்தூளுக்குப் பெரும்பாலும் சிறுமீன்களை முழுதாகவே அரைப்பர். ஒரு பையின் பொருட்டு அழியும் உயிர் பலவாம். கோழித்தூள் மனிதர் உண்டெஞ்சிய உறுப்புக்களாலும் ஆவது. அதன்பொருட்டுத் தனியே கொலையில்லை என்பாருளர். கழிவுக்கும் விலையுண்டாயின் கொலைத்தொழிலுக்கு அதுவும் ஊதியமேயாம். வாங்குவோன் பங்கு குறையும், நீங்காது. சோயாவிற் கொலையின்று, உலர்ந்த விதையில் நூற்றுக்கு 36 பங்களவு புரதமுண்டு. ஆயினும் அதில் மெதியோனின் என்னும் அமிலம் குறைவு. அரிசியில் அது உளது. அரிசியிற் குறைந்த இலைசீனோ சோயாவிலும் பருப்பிலும் மிக்குளது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். பயற்றினத்தை மாத்திரம் அளவிறந்து சேர்த்தலும் நன்றன்று; தானியம் நீக்கிப் பயறு பெருக்கிய உணவுக்கும் நாயின் இதயநோய்க்கும் தொடர்புண்டோ என 2018-இல் அமெரிக்க அரசினர் ஆராயப் புகுந்தனர்; அது முடிவாக நிறுவப்பட்டிலது.

எம் குட்டிக்கு யாம் செய்தது இது. வளருங்காலத்தில் அதன் உடலைச் சோதனைக்களமாக்க ஒருப்படாது, வைத்தியர் சொற்படி கோழித்தூள் கலந்த உலருணவையே வாங்கினேம். அக்கொலையிற் பங்கில்லை என்று எம்மை யாமே தேற்றிக்கொண்டிலேம். அது வளர்ந்து தேறியபின், பத்து நாளிற் சிறிது சிறிதாக மாற்றி, வெந்த சோயா, பருப்பு, சோறு, தயிர் என்பவற்றை வைத்தியர் வகுத்த அளவிலும், தாவரங்களிற் கிடையாத பி12 முதலிய உயிர்ச்சத்தும் சுண்ணச்சத்தும் கூட்டியும் இடுகின்றேம். எடை குறையின் மீண்டும் மாற்றுவேம். அளந்திடும் இவ்வுழைப்பே எம் விரதத்திற்கு யாம் கொடுக்கும் விலை. அதனை நாய் கொடுத்தல் கூடாது.

தோட்டப்பகுதியில் ஐந்தாண்டிற்குட்பட்ட குழந்தைகளுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் வயதிற்கேற்ற உயரமிலர் என்று 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக் காட்டிற்று. குழந்தைக்கே சத்துக் குறைந்தவிடத்து நாயின் புரதம் பேசுதல் தகுமோ எனின், வினா நேரியது. ஆகவேதான் விலையுயர்ந்த பையே சிறந்ததென்னும் மயக்கம் ஒழிதல் வேண்டுமென்றேம். நாய்க்கு வேண்டுவது நிறைவேயன்றி ஆடம்பரமன்று. அவ்வாடம்பரத்தில் மிஞ்சும் பொருள் அயல்லயத்துக் குழந்தையின் பருப்பும் பாலுமாகுக.

சைவ அன்பர்காள்! நும் வாயிலிலும் ஒருயிர் காத்திருக்கக் கூடும். நும் கலத்திலுள்ள உணவை நீவிர் விலக்கலாம். அது நும் உரிமை. அதன் கலத்தில் இடுமுன் அதன் உடலை நோக்குமின்.